கடையாமத்து உறக்கம்

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். கனவின் பயனைக் கூறும் பழைய தமிழ் நூல்களும் இரவை நான்கு யாமங்களாகப் பகுத்துக்கொண்டு, முதல் யாமத்துக் கனவின் பயன் நெடுநாள் கழித்து விளையும் என்றும், கடையாமத்துக் கனவின் பயன் சில நாளிலேயே விளையும் என்றும் கணக்கிட்டுச் சொல்கின்றன. கனவு பலிக்குமா, பலிக்காதா என்னும் வழக்கில் இன்று நான் இறங்கப் போவதில்லை. ஆயினும், கடையாமத்துக் கனவை மற்ற யாமங்களின் கனவினின்றும் பிரித்து, அதற்குத் தனி மதிப்புக் கொடுத்தார்களே, அந்தப் பிரிவினையில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. உறக்கத்தைப் பற்றிய இக்கால ஆராய்ச்சி அதே கடையாமத்தைத்தான் கனவுக்குரிய காலமாகக் காட்டுகிறது. அந்த யாமத்து உறக்கம் குலைந்தால் உடலுக்கும் மனத்துக்கும் நேர்வது யாது என்பதை, ஏலமலையில் பிழைக்கச் சென்ற நம் மக்களின் இரவுகளைக் கொண்டு இன்று பார்ப்போம்.

வண்டன்மேடு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தில் உள்ளது. கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஊர். ஏலக்காய் வாணிகத்தில் அதன் பெயரை அறியாதார் இல்லை. அருகிலுள்ள புற்றடியில் ஏலக்காய் விற்பனைக்கென ஏல மையம் இருக்கிறது. மலையின் இந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் அவ்வாறே விற்பனை நடக்கிறது. இரண்டுக்கும் இடையே மலைச்சரிவுகளில் பரந்து கிடக்கும் தோட்டங்களில் உழைப்பவருள் தமிழர் ஏராளம். சிலர் தோட்டத்து லயங்களிலேயே குடியிருக்கின்றனர். வேறு பலர் கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலைக்குச் சென்று, மாலையில் வீடு திரும்புகின்றனர்.

இவர்களுள் இருவரின் இரவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர், கீழேயிருந்து ஜீப்பில் செல்லும் பெண் தொழிலாளி. விடிவதற்குள் வண்டி புறப்பட்டுவிடும். அதற்கு முன் அடுப்பு மூட்டிச் சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தமக்கும் தூக்குச்சட்டியில் கட்டிக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்குப் படுத்தவர் மூன்றரைக்கு எழுந்தால்தான் இத்தனையும் நடக்கும். மற்றவர், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவெல்லாம் தீக் காப்பவர். பறித்த காயைத் தேக்கி வைத்தல் ஆகாது. கழுவித் தட்டுகளில் பரப்பி, 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில், 18 முதல் 24 மணி நேரம் வரை உலர்த்துவர். வெப்பம் மிகுந்தால் காய் வெடிக்கும். தணிந்தால் நிறம் போகும். பச்சை நிறம் போனால் விலையும் போயிற்று. இப்போது வெப்பத்தைத் தானே சீர்செய்துகொள்ளும் உலர்த்திகளும் வந்துள்ளன. ஆனால் விறகால் எரியும் அடுப்பு உள்ள இடத்தில், ஒருவர் மணிக்கொரு தரமோ இரண்டு மணிக்கொரு தரமோ எழுந்து விறகு தள்ளியாக வேண்டும்.

முதலாமவருக்கு உறக்கத்தின் கடைசிப் பகுதி அறுந்துபோகிறது. இரண்டாமவருக்கு உறக்கம் துண்டு துண்டாகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல. அது ஏன் என்பதை அறிய, உறக்கத்தின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1950-ஆம் ஆண்டு வரையில், உறக்கம் என்பது விளக்கின் திரியைத் தணித்தது போன்ற ஒரே நிலை என்றுதான் உடலியல் அறிஞர் பலரும் எண்ணியிருந்தனர். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக் கழகத்தில் நத்தானியல் கிளைட்மன் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த யூஜீன் அசெரின்ஸ்கி, உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் அசைவதைக் கருவிகொண்டு பதிவு செய்தார். முதலில் அவர் சோதித்தவர்களுள் அவருடைய எட்டு வயது மகனும் ஒருவன். உறக்கத்தில் பெரும்பகுதி விழிகள் அடங்கியிருந்தன. இடையிடையே சில வேளைகளில் அவை விரைந்து அலைந்தன. அந்த வேளைகளில் உறங்குவோரை எழுப்பிக் கேட்டபோது, 27 முறையில் 20 முறை தெளிவான கனவைச் சொன்னார்கள். விழி அடங்கியிருந்த வேளைகளில் எழுப்பிக் கேட்ட 23 முறையில் 19 முறை எதுவுமே நினைவில்லை என்றார்கள். ஆசிரியரும் மாணவரும் இதை 1953-இல் வெளியிட்டனர். அன்று கண்ட உறக்க நிலைக்கு விரைவிழி உறக்கம் என்று பெயர். பேச்சு எளிமைக்காக அதைக் கனவுறக்கம் என்றே நான் குறிப்பிடுகிறேன். மற்ற நிலைகளிலும் கனவு போன்ற எண்ணங்கள் எழுவதுண்டு. ஆனால் கதையாக நீண்டு, வண்ணமும் உணர்ச்சியும் மிகுந்து வரும் கனவு பெரும்பாலும் இந்நிலைக்கே உரியது.

இந்தக் கனவுறக்கத்தில் மூளை ஏறத்தாழ விழித்திருப்பது போலவே சுறுசுறுப்பாக இயங்கும். உடலோ கை கால் தசைகளெல்லாம் கட்டுண்டு கிடக்கும். கண்ணை அசைக்கும் தசைகளுக்கும் மூச்சுத் தசைக்கும் மட்டும் விலக்கு. பிரான்சில் லியோன் நகரில் ஆராய்ந்த மிஷேல் ஷூவே, இம்முரண்பாட்டைக் கண்டு 1959-இல் இதற்கு முரண் உறக்கம் என்றே பெயரிட்டார். தசைகளைக் கட்டும் ஏற்பாடு மூளைத் தண்டில் இருப்பதையும் பூனைகளிடம் அவர் காட்டினார். அப்பகுதி பழுதுற்ற பூனைகள் உறங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத எலியைத் துரத்தின. நாம் கனவில் ஓடும்போது படுக்கையை விட்டு உண்மையாகவே ஓடிவிடாதிருப்பது இந்தக் கட்டினால்தான்.

இனி இரவின் ஒழுங்கைப் பார்ப்போம். படுத்தவுடன் மெல்லுறக்கம், அதன்பின் ஆழ்ந்த உறக்கம், பிறகு சிறிது கனவுறக்கம். இப்படி ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். ஓர் இரவில் இத்தகைய சுற்றுகள் நான்கோ ஐந்தோ நடைபெறும். ஆனால் எல்லாச் சுற்றும் ஒரே அளவினவல்ல. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. கனவுறக்கம் முதற்சுற்றில் ஐந்து பத்து நிமிடமே. பின்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் குறைந்து மறைய, கனவுறக்கம் நீண்டு, கடைசிச் சுற்றில் அரை மணியளவும் அதற்கு மேலும் நிற்கும். விடியலுக்கு முன் உடலின் வெப்பம் மிகவும் தாழும் வேளையை ஒட்டித்தான் கனவுறக்கம் ஓங்குகிறது. ஆகவே கடையாமத்துக் கனவு மற்றக் கனவுகளைக் காட்டிலும் நீளமானது, தெளிவானது. அதைக் கண்டுகொண்டிருக்கும்போதே விழித்துவிடுவதால் நினைவிலும் நிற்கிறது. முன்னோர் அதற்குத் தனி மதிப்புக் கொடுத்ததில் வியப்பென்ன?

இப்போது ஜீப்பில் செல்லும் அம்மையாரிடம் வருவோம். எட்டு மணி நேரம் உறங்க வேண்டியவர் ஐந்தரை மணியோடு எழுகிறார். உறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் இழந்தார் என்பது எளிய கணக்கு. ஆனால் இழந்த பங்கு எது? கனவுறக்கம் செழித்திருக்கும் கடைசிப் பங்கு. வளர்ந்தவர்களின் உறக்கத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை கனவுறக்கம். அதில் பாதியை நெருங்கும் அளவு அந்தக் கடைசி மணிகளிலேயே போய்விடக்கூடும். ஏலக்காய் உலர்த்துவோர் இதை எளிதில் உணர்வர். முதல் சில மணிகளில் காயின் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. கடைசி மணிகளில்தான் உள்வரை பதமாகக் காய்கிறது. முன்னதில் நன்றாக எரித்தோமே என்று பின்னதில் தீயை அவித்துவிட்டால் காய் ஒப்புமா? உறக்கமும் அவ்வாறே. முன்னிரவின் ஆழ்ந்த உறக்கம் உடலின் களைப்பைத் தீர்க்கிறது. பின்னிரவின் கனவுறக்கம் மனத்தின் கொந்தளிப்பை ஆற்றுவதிலும், கற்றதை நினைவில் பதிப்பதிலும் பங்கு கொள்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று முழுமையாகச் செய்துவிடாது. உடல் ஓய்ந்தது போலிருந்தும், சிறு சொல்லுக்குச் சினமும் காரணமற்ற கலக்கமும் தோன்றினால், அது குணக்கேடு என்று வீட்டார் குறைசொல்வதற்கு முன், அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்பது நலம்.

இழந்த கனவுறக்கத்தை உடல் மறப்பதில்லை. வில்லியம் டிமென்ட் என்பவர் 1960-இல் வெளியிட்ட ஆய்வில், கனவுறக்கம் தொடங்கும்போதெல்லாம் உறங்குவோரை எழுப்பிவிட்டார். இரவுக்கு இரவு அவர்களை எழுப்ப வேண்டிய தடவைகள் பெருகிக்கொண்டே சென்றன. பிறகு தடையின்றி உறங்கவிட்டபோது, முன்பு உறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்காயிருந்த கனவுறக்கம் கால் பங்குக்கு மேல் உயர்ந்தது. வாரம் முழுதும் விடியுமுன் எழுந்தவர், விடுமுறை நாளில் நெடுநேரம் உறங்கி, கனவுமேல் கனவாகக் கண்டு எழுவதன் காரணம் இதுதான். அது கெட்ட நேரமும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று. வட்டியுடன் வசூலாகும் பழைய கடன். மது அருந்திப் படுப்பவர்க்கும் இத்தகைய ஒன்று நேர்கிறது. மது முன்னிரவில் கனவுறக்கத்தை அமுக்கிவிடும். அதன் வேகம் தணிந்த பின்னிரவில் உறக்கம் உடைந்து, கொடுங்கனவுகள் கிளம்பும். அலுப்புத் தீரக் குடித்தேன் என்பவர் உண்மையில் அலுப்பைச் சேர்த்துக்கொண்டார்.

இனித் தீக் காப்பவரின் இரவு. அவர் எழுந்து படுக்கும் ஒவ்வொரு முறையும் உறக்கம் மீண்டும் மெல்லுறக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் அறுகிறது. பின்னிரவில் கனவுறக்கம் அறுகிறது. ஆனால் அவரைக் கேட்டால், "கண்ணை மூடினால் கனவுதான் ஐயா!" என்பார். இடையறாது உறங்கியவரோ, "எனக்குக் கனவே வருவதில்லை" என்பார். இருவருக்கும் கனவு உண்டு. கனவின் நடுவிலோ, அது முடிந்த சிறு பொழுதுக்குள்ளோ விழித்தவருக்கே அது நினைவில் நிற்கும். அடிக்கடி விழிப்பவர் அதிகமாகக் கனவு காண்கிறார் என்பதல்ல. அதிகமாக நினைவுகூர்கிறார் என்பதே சரி.

பின்னிரவில் விழித்து, சிறிது நேரம் தெளிந்திருந்து, மறுபடி படுப்பவர்க்கு வேறொரு விந்தையும் நேர்வதுண்டு. கனவுக்குள்ளேயே, "இது கனவு" என்னும் அறிவு தோன்றிவிடும். ஸ்டோருக்குள் போகிறோம், அடுப்பு எதிர்ச்சுவரில் இருக்கிறது. இங்கே அடுப்பு இல்லையே என்று ஐயம் எழுகிறது; அந்த நொடியில், நாம் கட்டிலில் கிடக்கிறோம், காண்பது கனவு என்று தெரிந்துவிடுகிறது. ஆயினும் கனவு கலையாது தொடர்கிறது. இதைத் தெளிகனவு என்போம். ஃபிரெடரிக் வான் ஈடன் என்னும் டச்சு மருத்துவர் 1913-இல் இதற்குப் பெயரிட்டு எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதைக் கண்டதாகச் சொல்கின்றனர்.

சொல்வது மெய்தானா என்று எப்படிச் சோதிப்பது? கனவு காண்பவரோ பேச முடியாமல் கட்டுண்டு கிடக்கிறார். ஆனால் கண்ணுக்குக் கட்டு இல்லை என்றேனல்லவா? இங்கிலாந்தில் ஹல் பல்கலைக் கழகத்தில் 1975-இல் கீத் ஹெர்ன் என்பவர் அந்த வழியைப் பயன்படுத்தினார். ஆலன் வொர்ஸ்லி என்பவர், கனவென்று அறிந்ததும் இடமும் வலமுமாக இத்தனை முறை விழியை அசைப்பதென முன்னரே பேசிக்கொண்டு உறங்கினார். அவர் கனவுறக்கத்தில் இருப்பதைக் கருவி காட்டிக்கொண்டிருக்கும்போதே, பேசிய குறிப்பு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியே இவ்வாறே செய்து 1981-இல் வெளியிட்டார். உறங்கிக்கொண்டே ஒருவர் விழித்திருப்போருக்குச் செய்தி அனுப்பக்கூடும் என்பது அன்றுமுதல் ஐயத்துக்கு இடமற்றதாயிற்று.

தெளிகனவை வேண்டுமென்றே வரவழைக்க விரும்புவோர் இன்று உலகெங்கும் உள்ளனர். அவர்கள் கையாளும் முறையைக் கேட்டால் தீக் காப்பவர் சிரிப்பார். ஐந்தாறு மணி உறங்கியபின் மணியடித்து எழுந்து, அரை மணியோ ஒரு மணியோ விழித்திருந்து, கனவில் கனவென்று அறிவேன் என உறுதி செய்துகொண்டு மீண்டும் படுப்பதே அம்முறை. கடையாமத்தில் கனவுறக்கம் விரைவில் வந்து சேர்கிறது. சற்றுமுன் விழித்திருந்த தெளிவும் முற்றும் அடங்கவில்லை. இரண்டும் சந்திக்கும்போது தெளிகனவு பிறக்கிறது. அவர்கள் மணி வைத்துத் தேடுவது, ஸ்டோரில் விறகு தள்ளுபவரிடம் கேளாமலே வருகிறது. ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. என்றோ ஒரு நாள் விருப்பத்தால் எழுபவர், விடிந்த பிறகும் உறங்கி ஈடுசெய்யலாம். பருவம் முழுதும் பிழைப்பால் எழுபவர்க்கு அந்த வசதி இல்லை. தெளிகனவின் ஆவலால் நாள்தோறும் உறக்கத்தை முறிப்பது, விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதற்கு ஒப்பாகும்.

உறக்கம் துண்டுபடுவோர்க்கு இன்னொரு துன்பமும் உண்டு. விழிப்பு வந்துவிடும், உடல் அசையாது, மார்பின்மேல் யாரோ ஏறி அமுக்குவது போலவும், அறையில் ஓர் உருவம் நிற்பது போலவும் தோன்றும், கூவ முயன்றால் குரல் எழாது. நம் ஊர்களில் இதை அமுக்குவான் பேய் என்பர். ஜப்பானியர் இதற்குக் கனஷிபாரி என்று பெயர் வைத்திருக்கின்றனர். கனவுறக்கத்தின் தசைக்கட்டு அவிழுமுன் அறிவு விழித்துக்கொள்வதே இதன் காரணம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-இல் உறங்குவோரை இடையில் எழுப்பி மீண்டும் உறங்கவைத்து, இந்நிலையை ஆய்வுக் கூடத்திலேயே தோற்றுவித்தனர். சில நொடிகளிலோ, சில நிமிடங்களிலோ அது தானே நீங்கும். மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டுவதில்லை. மூச்சுத் தசை இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று தேறி, விரல் நுனியையோ கால் கட்டை விரலையோ அசைக்க முயன்றால் போதும்.

தீக் காப்பவரை ஏமாற்றும் கனவு வேறொன்று. எழுந்தோம், விறகு தள்ளினோம், திரும்பி வந்து படுத்தோம் என்று கனவிலேயே நிகழ்ந்துவிடும். மெய்யில் அவர் எழவே இல்லை, அடுப்பு அவிந்துகொண்டிருக்கிறது. இதைப் பொய்விழிப்பு என்பர். உறக்கம் போதாதவர் இதற்கு வெட்கப்படவும் வேண்டாம். இதற்காக அவரைச் சோம்பேறி என்று ஏசவும் வேண்டாம். விறகு தள்ளும் ஒவ்வொரு முறையும் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டு வரட்டும். ஐயம் வந்தால் கோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, பார்வையை விலக்கி மறுபடி எண்ணட்டும். கனவில் எழுத்தும் எண்ணும் நிலைத்து நில்லாது மாறுவது வழக்கம்.

இவையெல்லாம் அறிந்து என்ன செய்வது? வேலை நேரத்தை மாற்றும் உரிமை பலருக்கு இல்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் சில செய்யலாம். ஸ்டோரில் இருவர் இருந்தால், இருவரும் இரவெல்லாம் மாறி மாறி எழுவதைவிட, இரவை இரண்டாகப் பகிர்ந்து, ஒருவர் முன்பாதியும் மற்றவர் பின்பாதியும் காப்பது நன்று. ஒவ்வொருவருக்கும் தொடர்ந்த உறக்கம் கிடைக்கும். முன்பாதி உறங்குபவர்க்குக் கனவுறக்கமும், பின்பாதி உறங்குபவர்க்கு ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதியும் குறையுமாதலால், வாரத்துக்கு ஒரு முறை முறையை மாற்றிக்கொள்ளலாம். தனியே காப்பவர், விடிந்து பொறுப்பை ஒப்படைத்ததும் வேறு வேலையில் இறங்காமல் இருட்டறையில் படுக்கட்டும். காலை வேளையில் கனவுறக்கம் எளிதில் வரும். இழந்ததை மீட்க அதுவே தக்க நேரம்.

ஜீப்பில் செல்லும் அம்மையாருக்கு வேண்டியது அறிவுரையன்று, உதவி. இரவுப் பாத்திரங்களை மற்றவர் கழுவி, காலைச் சமையலில் பாதியை முன்னிரவிலேயே முடித்து வைத்தால், அவர் ஒன்பது மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழலாம். ஐந்தரை மணி உறக்கம் ஏழு மணியாகும். இன்னொரு சுற்று, அதுவும் கனவுறக்கம் மிகுந்த சுற்று, அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அந்த வண்டியை ஓட்டுபவரும் அதே விடியலுக்கு முன் எழுந்தவர்தாம் என்பதை ஏறுவோர் நினைவில் வைக்க வேண்டும். உறக்கம் போதாத மூளை, கண் திறந்திருக்கும்போதே சில நொடி உறங்கிவிடும்; கம்பம்மெட்டின் கொண்டையூசி வளைவுகளில் அந்தச் சில நொடி பல உயிருக்குச் சமம். கண் சொருகினால் வண்டியை ஓரம் நிறுத்திக் கால் மணி நேரம் கண்ணயர்வது தாமதம் அன்று, கடமை.

நேயர்களே, நீங்கள் ஏலமலையில் இல்லாதிருக்கலாம். மும்பையில் இரவுக் காவலிலோ, பெங்களூரில் ஆலை முறைவேலையிலோ, தில்லியில் மருத்துவமனைப் பணியிலோ இருக்கலாம். பிறந்த ஊரை விட்டு வந்தோர் பலருக்கு, இரவின் கடைசிப் பகுதிதான் முதலில் பறிபோகிறது. கூலிக் கணக்கில் அதற்கு இடம் இல்லை. ஆனால் ஊர்க் குளத்தையும் தாயின் முகத்தையும் பெரும்பாலும் நாம் காண்பது அந்த யாமத்தில்தான். கனவு பலிக்கட்டும், பலிக்காது போகட்டும். அதைக் காணும் உறக்கத்தை இயன்றவரை காத்துக்கொள்ளுங்கள்.